63-க்கு ஏ, 74-க்கு சி: கிரேடு எங்கிருந்து வருகிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று ராத்திரி அப்பாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள், நான் புள்ளியியல் சொல்லிக் கொடுக்கிறவன் என்பதால். போனை நீட்டினாள். கணிதத்தில் 63 மார்க், கிரேடு ஏ. சுற்றுச்சூழல் பாடத்தில் 74 மார்க், கிரேடு சி.

"மாமா, கம்ப்யூட்டர் மாத்திப் போட்டுடுச்சா?"

அவள் அப்பாவுக்குக் கவலை வேறு. 63 அவருக்குப் போதவில்லை. "கணக்குக்கு ரீவேல்யூவேஷன் போட்டுடலாம்னு இருக்கேன் சார், ஒரு பேப்பருக்குத்தான் இப்போ பணம் கட்ட முடியும்" என்றார்.

கம்ப்யூட்டர் எதையும் மாற்றவில்லை. இரண்டு கிரேடும் சரியாகத்தான் விழுந்திருக்கின்றன. ஏன் என்று அன்றைக்கு ஒரு பழைய நோட்டில் எழுதிக் காட்டியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு செமஸ்டரும் இந்தக் கேள்வியோடு யாராவது வருகிறார்கள், கல்லூரியில் யாரும் இதை உட்கார வைத்துச் சொல்வதில்லை.

மார்க்கைக் கிரேடாக மாற்ற இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழியைப் புரிந்துகொள்ள நம்ம பண்ருட்டி முந்திரி போதும். உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரிக்கும்போது டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று பெயர் வைக்கிறார்கள் இல்லையா, அந்த எண் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதைச் சொல்கிறது. 170 முதல் 180 பருப்பு நின்றால் டபிள்யூ 180, அதுதான் பெரிய பருப்பு. 300 முதல் 320 நின்றால் டபிள்யூ 320. இந்த வருடம் காய் எல்லாம் பெருத்துக் காய்த்தால் டபிள்யூ 180 மூட்டைகள் கூடும், மழை ஏமாற்றினால் குறையும், ஆனால் டபிள்யூ 180 என்பதற்கான அளவு மாறாது. பக்கத்துத் தோப்புப் பருப்பு எப்படி இருந்தாலும் உங்கள் பருப்பின் தரம் அதேதான். கல்லூரியில் 90-க்கு மேல் ஓ, 80-க்கு மேல் ஏ பிளஸ் என்று முன்கூட்டியே கோடு போட்டு வைப்பது இந்த வகை. தனி அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி, தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் பையன்கள் ஓட்டப்பந்தயம் வைப்பது மாதிரி. முதலில் வந்தவனுக்கு முதல் பரிசு, அவன் எத்தனை வினாடியில் ஓடினான் என்று யாரும் பார்ப்பதில்லை. மணல் ஈரமாக இருந்தாலும் சரி, எதிர்க்காற்று அடித்தாலும் சரி, எல்லோருக்கும் அதே மணல், அதே காற்று, அதில் யார் முன்னால் என்பதுதான் கணக்கு. வகுப்பில் மற்றவர்களோடு ஒப்பிட்டு உங்கள் இடம் எது என்று பார்த்துக் கிரேடு போடுவது இந்த வகை. இதை ஒப்பீட்டு அளவு என்று சொல்வேன்.

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யூஜிசி, 2015-இல் வெளியிட்ட சிபிசிஎஸ் (விருப்பப் பாடத் தேர்வு கொண்ட கிரெடிட் முறை) வழிகாட்டுதலில் பத்துப் புள்ளி அளவுகோல் ஒன்றைப் பரிந்துரைத்தது. ஓ-வுக்கு 10, ஏ பிளஸுக்கு 9, ஏ-வுக்கு 8, பி பிளஸுக்கு 7, பி-க்கு 6, சி-க்கு 5, 'பாஸ்' என்பதற்கான P எழுத்துக்கு 4 (தமிழில் எழுதினால் இதுவும் பி என்றே வரும், குழம்பவேண்டாம்), எஃப் என்றால் பூஜ்யம். ஆனால் எந்த மார்க்குக்கு எந்த எழுத்து என்பதை அது கட்டிப்போடவில்லை. தனி அளவோ ஒப்பீட்டு அளவோ, கல்லூரியும் பல்கலைக்கழகமும் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. அதனால்தான் ஒரே தெருவில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் வேறு வேறு கல்லூரியில் படித்தால், இரண்டு பேருடைய ஏ-யும் ஒரே ஏ-யாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. எங்கே சேர்ந்தாலும் முதல் வாரமே ரெகுலேஷன் புத்தகத்தில் இந்த ஒரு பக்கத்தைத் தேடிப் படித்துவிடுங்கள், தயவுசெய்து.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். அந்தப் பெண்ணிடம் நான் எழுதிக் காட்டியது இருபது பேர் கொண்ட ஒரு கற்பனை வகுப்பு. மார்க்குகள் இவை: 28, 35, 41, 43, 46, 48, 50, 52, 52, 54, 55, 56, 57, 59, 60, 63, 66, 70, 76, 89. கூட்டினால் 1100, இருபதால் வகுத்தால் சராசரி 55. நடுவில் நிற்கும் இரண்டு பேர் 54-உம் 55-உம், ஆகவே இடைநிலை 54.5. சராசரியும் இடைநிலையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஓரத்தில் நிற்கும் ஓரிரண்டு பேர் சராசரியை இழுத்துக்கொண்டு போகவில்லை என்று நம்பலாம்.

சராசரி மட்டும் தெரிந்தால் போதாது, மார்க்குகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்றும் தெரியவேண்டும். அதற்குத்தான் பத்தாம் வகுப்பில் படித்த திட்டவிலக்கம். தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன சமாசாரம்தான், ஆனால் உங்கள் கிரேடைத் தீர்மானிப்பதே அதுதான். ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று பார்த்து, அந்தத் தூரங்களை வர்க்கமாக்கிச் சராசரி எடுத்து, அதற்கு வர்க்கமூலம் கண்டால் வருவது. நம்ம இருபது பேருக்கு அது ஏறக்குறைய 13.6. அதாவது இந்த வகுப்பில் 'ஒரு எட்டு' (எட்டு என்ற எண் இல்லை, காலால் எடுத்து வைக்கும் எட்டு) என்றால் 13.6 மார்க். சராசரியிலிருந்து மேலே ஒரு எட்டு, கீழே ஒரு எட்டு எடுத்தால் 41.4 முதல் 68.6 வரை வருகிறது, அதற்குள் பதினான்கு பேர் அடங்கிவிடுகிறார்கள், 70 சதவீதம். மணி வடிவத்தில் அமைந்த இயல்நிலைப் பரவலில் இந்த எல்லைக்குள் 68 சதவீதமும், இரண்டு எட்டுக்குள் 95 சதவீதமும் வரும்.

இப்போது இதே இருபது பேருக்கு இரண்டு விதமாகவும் கிரேடு போட்டுப் பாருங்கள். தனி அளவில் 90, 80, 70, 60, 50, 45, 40 என்று கோடு போட்டால் ஓ யாருக்கும் இல்லை. 89-க்கு ஏ பிளஸ், 76-க்கும் 70-க்கும் ஏ, 63-க்கு பி பிளஸ். ஒப்பீட்டு அளவில், சராசரியில் தொடங்கி அரை எட்டுக்கு ஒரு கோடு என்று போட்டால் (இது ஒரு முறை மட்டுமே, கல்லூரிக்குக் கல்லூரி மாறும்) 75.4-க்கு மேல் ஓ, 68.6-க்கு மேல் ஏ பிளஸ், 61.8-க்கு மேல் ஏ, 55-க்கு மேல் பி பிளஸ் என்று இறங்கிக்கொண்டே போகும். 89, 76 இரண்டும் ஓ. 70-க்கு ஏ பிளஸ். 63-க்கு ஏ. 28-உம் 35-உம் இரண்டு முறையிலும் ஃபெயில்தான், ஏனென்றால் பாஸ் மார்க் 40 என்ற தரை அப்படியே இருக்கிறது.

அந்தப் பெண்ணின் 63 ஏ-வானது இப்படித்தான். கஷ்டமான வினாத்தாள், வகுப்பே திணறியிருக்கிறது, அதில் அவள் சராசரியைவிட அரை எட்டுக்கும் கூடுதலாக முன்னால் நின்றிருக்கிறாள்.

74-க்கு வருவோம். சுற்றுச்சூழல் பாடம் சுலபம், எல்லோரும் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பாடத்தின் மார்க்கையும் கிரேடையும் கேட்டு வாங்கி வரச் சொன்னேன், மறுநாள் 41 பேருடையதைக் கொண்டுவந்தாள். சுற்றுச்சூழலில் சராசரி 78, திட்டவிலக்கம் 6. இங்கே ஒரு எட்டு என்பது வெறும் ஆறு மார்க், அரை எட்டு மூன்று மார்க். 78-இல் பி பிளஸ் தொடங்கினால் 75-இல் பி, 72-இல் சி. 74 சி-யில் விழுகிறது. மார்க் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வகுப்பின் பாதிக்கு மேல் அவளுக்கு முன்னால் நிற்கிறார்கள்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிய பிறகு இந்தக் குழப்பம் பிளஸ் டூ வீடுகளுக்கும் வந்துவிட்டது. அங்கே பாஸான எல்லோரையும் மார்க் வரிசையில் நிறுத்தி எட்டுப் பங்காகப் பிரிக்கிறார்கள். முதல் எட்டில் ஒரு பங்குக்கு ஏ1, அடுத்ததற்கு ஏ2, இப்படியே டி2 வரை. ஆகவே ஒரு பாடத்தில் 90 வாங்கி ஏ2-வும், வேறொரு பாடத்தில் 84 வாங்கி ஏ1-உம் கிடைக்கலாம். பெற்றோர் பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டை போடவேண்டிய விஷயம் இல்லை அது. நுழைவுத்தேர்வுப் பர்சென்டைலும் இதே இனம்தான்: 99 பர்சென்டைல் என்றால் 99 மார்க் என்று பொருள் இல்லை, எழுதியவர்களில் 99 சதவீதம் பேர் உங்கள் மார்க்கிலோ அதற்குக் கீழேயோ இருக்கிறார்கள் என்றுதான் பொருள். ஜேஇஇ மெயின் பல ஷிஃப்டுகளில் வேறு வேறு வினாத்தாளோடு நடப்பதால் அங்கே மார்க்கை நேராக ஒப்பிட வழியே கிடையாது.

மணி வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அதை ஏதோ இயற்கை விதி மாதிரி நம்புகிறவர்கள் ஆசிரியர்களிலேயே இருக்கிறார்கள். ஒரு அளவில் பல சின்னச் சின்னக் காரணங்கள் ஒன்றையொன்று சாராமல் கூடினால் மணி வடிவம் வரும். ஆள் உயரம் அப்படி. மார்க் எப்போதும் அப்படி வருவதில்லை. சுலபமான தாளில் எல்லோரும் வலது ஓரத்தில் குவிந்து, இடது பக்கம் மட்டும் ஒரு வால் நீளும். கம்ப்யூட்டர் புரோகிராமிங் போன்ற பாடங்களில் சில சமயம் ஒட்டகத்துக்குப் போல இரண்டு திமில் தெரியும், பிடித்துக்கொண்டவர்கள் ஒரு குவியல், பிடிபடாதவர்கள் இன்னொரு குவியல், நடுவில் பள்ளம். அங்கே சராசரி என்று சொல்லும் மார்க்கில் ஆளே இருக்கமாட்டார்கள். நான் திருத்திய ஒரு வகுப்பில் சராசரி 51, ஆனால் 45-க்கும் 57-க்கும் இடையில் இரண்டே பேர். அந்த வகுப்புக்கு மணியைக் கவிழ்த்துக் கிரேடு போட்டால் அது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம், முதலில் கீழ்க் குவியலை உட்கார வைத்து மறுபடி சொல்லிக் கொடுக்கவேண்டும். அப்புறம் பாஸ் மார்க் ஓரத்தைப் பாருங்கள். 38, 39 வாங்கியவர்கள் அரிதாகவும், 40 வாங்கியவர்கள் ஒரு கொத்தாகவும் இருப்பார்கள். விடைத்தாள் திருத்துகிறவரும் மனிதர்தான், ஒரு மார்க்கில் ஒரு பிள்ளைக்கு அரியர் விழுவதைப் பார்க்க மனசு வராது, போதாததற்குக் கருணை மார்க் விதிகளும் உண்டு.

ஒப்பீட்டு முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், திருத்துகிறவர்களை நம்ப முடியாமல் போன இடத்திலிருந்துதான். அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் மேயர் என்ற உளவியல் பேராசிரியர், ஆசிரியருக்கு ஆசிரியர் கிரேடு மலைக்கும் மடுவுக்கும் போடுவதைக் காட்டி 1908-இல் கட்டுரை எழுதினார். மிகச் சிறந்தவர் 3 சதவீதம், அடுத்து 22, நடுவில் 50, அதற்குக் கீழே 22, ஃபெயில் 3 என்று பங்கிடலாம் என்பது அவர் யோசனை. சில வருடங்களில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஜியோமெட்ரி விடைத்தாளைப் பல பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். அதே தாளுக்கு ஒருவர் 30-க்கும் குறைவாகப் போட்டார், இன்னொருவர் 90-க்கு மேல் போட்டார். கணக்கு என்றால் மார்க் துல்லியமாக விழும் என்று நாம் நம்புகிறோம் அல்லவா, அந்த நம்பிக்கைக்கே அடி.

தனி அளவில் வேறொரு நோய் உண்டு, கிரேடு கொஞ்சம் கொஞ்சமாக உப்பிக்கொண்டே போகும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 2013-இல் ஒரு பேராசிரியர் கேட்டதற்குக் கிடைத்த பதில், இளநிலை மாணவர்களின் இடைநிலை கிரேடு ஏ மைனஸ், அதிகமாகத் தரப்படும் கிரேடு ஏ. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004-இல் ஏ வகைக் கிரேடுகள் 35 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்தது, மாணவர்களிடையே மனவுளைச்சலும் போட்டியும் கூடி, 2014-இல் அதைக் கைவிட்டது. என்னைக் கேட்டால், அறுபது பேருக்கு மேல் உள்ள, கஷ்டமும் சுலபமும் செமஸ்டருக்கு செமஸ்டர் மாறும் பாடத்துக்கு ஒப்பீட்டு அளவு நியாயமாக இருக்கும். பன்னிரண்டு பேர் படிக்கும் விருப்பப் பாடத்துக்கு அது கூடவே கூடாது. அங்கே பன்னிரண்டு பேரும் கெட்டிக்காரர்களாக இருக்கலாம், அதில் யாரையாவது சி-யில் தள்ளுவது எந்த விதத்தில் சரி?

ஒப்பீட்டு முறை என்று தெரிந்ததும் நோட்ஸை ஒளித்து வைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஒரு சின்னக் கணக்கு. அறுபது பேர் வகுப்பில் நீங்கள் உங்கள் தோழிக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்து, அவள் மார்க் பத்து கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பின் சராசரி எவ்வளவு ஏறும்? பத்தை அறுபதால் வகுத்தால் ஆறில் ஒரு பங்கு மார்க். அரை மார்க் கூட இல்லை. சொல்லிக் கொடுத்ததில் உங்களுக்குப் பாடம் தெளிவானது அதைவிட எத்தனையோ மடங்கு.

இன்டர்னல் பற்றி ஒன்று, இது பலருக்கும் தெரியாதது. 25 இன்டர்னல், 75 எக்ஸ்டர்னல் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் இன்டர்னலுக்குக் கால் பங்கு எடை. ஆனால் பெரும்பாலான இடங்களில் இன்டர்னல் எல்லோருக்கும் 21-இலிருந்து 24-க்குள் போட்டுவிடுகிறார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மார்க் என்றால் அது யாரையும் முன்னால் தள்ளாது, யாரையும் பின்னால் இழுக்காது. எக்ஸ்டர்னலிலோ ஒருவருக்கு 58, இன்னொருவருக்கு 40. யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை முழுக்க முழுக்க எக்ஸ்டர்னல்தான் தீர்மானிக்கிறது. எந்தப் பகுதியில் மார்க் அதிகம் சிதறுகிறதோ அதுதான் கிரேடைத் தூக்கிச் செல்லும். ஆகவே ஒப்பீட்டு முறைக் கல்லூரியில் 23-ஐ 24 ஆக்கச் சொல்லி அசைன்மென்ட்டுக்குக் கலர் பேனாவில் கோடு போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தை எக்ஸ்டர்னலுக்குக் கொடுத்தால் நல்லது. பாஸுக்கே தடுமாறுகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது, அவர்களுக்கு ஒவ்வொரு இன்டர்னல் மார்க்கும் தேவை.

கடைசியில் எல்லாம் எஸ்ஜிபிஏ-வில், அதாவது செமஸ்டரின் கிரேடுப் புள்ளிச் சராசரியில், போய்ச் சேர்கிறது. கிரேடுப் புள்ளியைப் பாடத்தின் கிரெடிட்டால் (அந்தப் பாடத்துக்கு ஒதுக்கிய எடை) பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்கவேண்டும், அவ்வளவுதான். நான்கு கிரெடிட் கணிதத்தில் ஏ என்றால் 32, மூன்று கிரெடிட் சுற்றுச்சூழலில் சி என்றால் 15, இன்னொரு மூன்று கிரெடிட் பாடத்தில் பி பிளஸ் என்றால் 21. மொத்தம் 68, பத்துக் கிரெடிட், 6.8. இதுவே கணிதத்தில் சி, சுற்றுச்சூழலில் ஏ என்று மாறி வந்திருந்தால் 6.5 ஆகியிருக்கும். கிரெடிட் அதிகமுள்ள பாடத்தில் நன்றாகச் செய்வது அதனால்தான் முக்கியம். 6.8-ஐப் பத்தால் பெருக்கி 68 சதவீதம் என்று எல்லா விண்ணப்பத்திலும் எழுதிவிடாதீர்கள், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சூத்திரம் வேறு. தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇ-யின் பட்டியலில் 6.75-தான் 60 சதவீதம்.

அப்பாவின் ரீவேல்யூவேஷன் கேள்விக்கு அந்த வாட்ஸ்அப் பட்டியலிலேயே பதில் இருந்தது. கணிதத்தில் அவள் வகுப்பில் ஏ பிளஸ் வாங்கியவர்களில் குறைந்த மார்க் 69. அதாவது 63 மேலே ஏறி அடுத்த கிரேடைத் தொட ஆறு மார்க் கூட வேண்டும், அவளே நன்றாகத் திருத்தியிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ளும் தாளில் ஆறு மார்க் வருவது கடினம். சுற்றுச்சூழலில் 75 வாங்கிய ஒரு பையனுக்கு பி போட்டிருக்கிறது. அவளுக்கு 74. ஒரே ஒரு மார்க். அதிலும் ஒரு பத்து மார்க் கேள்விக்குக் கடைசிப் பக்கத்தில் எழுதியதைப் பார்த்தார்களா என்று அவளுக்கு முதலிலிருந்தே சந்தேகம்.

"அப்போ நல்ல மார்க் வந்த பேப்பருக்குப் போடணும்னு சொல்றீங்களா சார்?" என்று அப்பா இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றேன். அவள் விண்ணப்பத்தில் கணிதத்தின் சப்ஜெக்ட் கோட் எண்ணை அடித்துவிட்டு, மேலே சுற்றுச்சூழலின் எண்ணை எழுதினாள்.